ஒரு படையின் வேலை எங்கே முடிய வேண்டும்: கே.எஃப். ருஸ்தம்ஜியின் பணிவாழ்க்கை குறித்த நிகழ்வு ஆய்வு

1974 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. கடற்படை, விமானப்படை, வருவாய்த்துறை ஆகியவற்றின் பிரதிநிதிகள் இடம்பெற்ற அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் உள்துறை அமைச்சகத்தில் சிறப்புச் செயலாளராகப் பணியாற்றிய குஸ்ரோ ஃபராமுர்ஸ் ருஸ்தம்ஜி. மேற்குக் கடற்கரையில் கடத்தல் தங்கம் இரவோடிரவாக இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கடத்தல்காரர்களின் படகுகளைத் துரத்திப் பிடிக்கும் வேகக் கலங்கள் சுங்கத்துறையிடம் இல்லை. போருக்கென்று கட்டப்பட்ட கப்பல்களை இந்த வேலைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கக் கடற்படையால் இயலவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் பம்பாய் ஹை பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டதால், கடலுக்கு நடுவே காக்கப்பட வேண்டிய சொத்தும் சேர்ந்துகொண்டது. கடற்படைக்கும் போலீசுக்கும் இடையே யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த இந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதே குழுவின் முன்னிருந்த கேள்வி.

1975 ஜூலை 31 அன்று வந்த பரிந்துரை, கடலோரக் காவலுக்குத் தனிப்படை ஒன்றைத் தொடங்கி, அதைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வைக்க வேண்டும் என்றது. அமைச்சரவைச் செயலாளரோ அதை உள்துறையின் கீழ் வைக்கலாம் என்று கருதினார். கடைசியில் பிரதமர் இந்திரா காந்தி குழுவின் கருத்தையே ஏற்றுக்கொண்டார். 1977 பிப்ரவரி 1 அன்று கடலோரக் காவல்படை இடைக்கால அமைப்பாகத் தொடங்கப்பட்டது. 1978 ஆகஸ்டில் சட்டபூர்வமான தனிப்படையாயிற்று. தொடக்கத்தில் அதனிடம் இருந்தவை இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும் மட்டுமே. அந்தப் படகுகளில் ஒன்றின் பெயர் பாம்பன், இன்னொன்றின் பெயர் புலிகாட். இன்று மண்டபத்திலும் சென்னையிலும் நாம் காணும் கடலோரக் காவல்படைக் கலங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த முடிவைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ருஸ்தம்ஜி உள்துறையின் அதிகாரி. அதற்குமுன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உள்துறையின் மிகப் பெரிய படைகளில் ஒன்றைத் தலைமையேற்று நடத்தியவர். புதிய படையைத் தன் அமைச்சகத்துக்கே கேட்டுவாங்கியிருந்தால் அதைத் தவறென்று டெல்லியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடலில் நெடுநேரம் நின்று பணியாற்றக் கப்பலும் மாலுமியும் பயிற்சியும் எந்தத் துறையிடம் உண்டோ அந்தத் துறையிடமே இந்த வேலை போக வேண்டும் என்று அவர் எழுதினார். அதிகாரிகள் தம் துறையின் பரப்பை விரிப்பதையே வெற்றியாக எண்ணும் வழக்கத்தில் இது அரிய செயல் என்றே நான் கருதுகிறேன். அந்தத் தெளிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்தொடர்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

காம்ப்டியிலிருந்து சம்பல் வரை

நாக்பூருக்கு அருகிலுள்ள காம்ப்டியில் 1916 மே 22 அன்று ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்த ருஸ்தம்ஜி, 1938இல் இந்திய போலீஸ் பணியில் சேர்ந்து, அன்றைய மத்திய மாகாணத்தில் வேலையைத் தொடங்கினார். ஆங்கிலேய அரசின் கடைசிப் பத்தாண்டையும் சுதந்திர அரசின் முதல் ஆண்டுகளையும் ஒரே சீருடையில் கண்ட தலைமுறை அவருடையது. 1952 முதல் 1958 வரை பிரதமர் நேருவின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். தனக்கும் மக்களுக்கும் நடுவே போலீஸ் நிற்பதை விரும்பாத ஒருவரைக் காக்கும் வேலை அது. 1955 மார்ச்சில் நாக்பூரில் ஒரு ரிக்சா ஓட்டுநர் கத்தியோடு நேருவின் காரில் ஏறிய சம்பவமும் அந்த ஆண்டுகளில்தான் நடந்தது. கூட்டத்தை விலக்காமல் கூட்டத்துக்குள்ளேயே நின்று ஒருவரைக் காப்பது எப்படி என்று ஆறு ஆண்டுகள் பழகியவர், அன்றாடம் கண்டதை நாட்குறிப்பில் எழுதிவைத்துக்கொண்டும் வந்தார். எழுதிவைக்கும் இந்தப் பழக்கம் அவருடைய வாழ்வில் பிற்பாடு எவ்வளவு பெரிய விளைவைத் தந்தது என்பதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

1958இல் மத்தியப் பிரதேசத்தின் ஐ.ஜி.யானார். ஐ.ஜி. என்பது அன்று மாநிலப் போலீசின் தலைமைப் பதவி. சம்பல் ஆறு அரித்துக் குடைந்த பள்ளங்களுக்குள் கொள்ளைக் கூட்டங்கள் ஊர்களை ஆட்டிப்படைத்த நேரம் அது. பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்துவிடுவதாக அஞ்சப்பட்ட கப்பர் சிங் என்ற கொள்ளையன் 1959 நவம்பர் 13 அன்று போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டான். வேறு பல கூட்டங்களின் தலைவர்களும் அடுத்தடுத்து வீழ்ந்தார்கள்.

1960 மே மாதத்தில் பூதான இயக்கத் தலைவர் வினோபா பாவே சம்பல் பகுதிக்கு நடந்தே வந்தார். இருபது பேர் அளவில் அவர் முன்னிலையில் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். மாநிலப் போலீசின் தலைவராக இருந்துகொண்டே ருஸ்தம்ஜி இந்த முறையை வெளிப்படையாகக் குறைகூறினார்; உயிரைப் பணயம் வைத்து வேலை செய்யும் போலீசாரின் மனஉறுதி இதனால் குலைகிறது என்பது அவருடைய வாதம். கொள்ளையரால் வீடிழந்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும், 1972 ஏப்ரலில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் இதே பகுதியில் நூற்றுக்கணக்கானோர் சரணடைந்ததை வைத்துப் பார்க்கும்போது, துப்பாக்கியால் தீராத ஒன்று சம்பலில் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நிலத்தகராறும் சாதிப்பகையும் பழிவாங்கலும் ஆட்களைப் பள்ளங்களுக்குள் தள்ளிக்கொண்டிருந்த வரை, ஒரு கூட்டம் அழிந்தால் அடுத்தது முளைத்தது. ருஸ்தம்ஜியின் பணிவாழ்க்கையில் அவருடைய பார்வை குறுகியிருந்த இடம் என்று நான் சுட்டுவது இதைத்தான்.

எல்லையில் நின்ற மாநிலப் போலீஸ்

1965 வரை பாகிஸ்தானுடனான எல்லையைக் காத்தவை அந்தந்த மாநிலங்களின் ஆயுதப் போலீஸ் பட்டாலியன்கள். பஞ்சாபுக்கு ஒன்று, ராஜஸ்தானுக்கு ஒன்று, குஜராத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தெரிந்தபடி ஆள் எடுத்தது, தன்னால் முடிந்த ஆயுதத்தைக் கொடுத்தது, தன் வசதிக்கேற்பப் பயிற்சி தந்தது. ஒரு மாநிலத்தின் காவல்முனை கண்டதைப் பக்கத்து மாநிலத்தின் காவல்முனைக்குத் தெரிவிக்க ஒழுங்கான ஏற்பாடு கிடையாது. எதிரே நின்றதோ ராணுவத்தின் ஆதரவோடு இயங்கிய பாகிஸ்தானின் எல்லைப்படை.

1965 ஏப்ரல் 9 விடியுமுன் கட்ச் பாலைவெளியில் இருந்த சர்தார் காவல்முனையைப் பாகிஸ்தான் ராணுவத்தின் ஒரு பிரிகேடு தாக்கியது. அங்கே இருந்தவர்கள் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் இரண்டாவது பட்டாலியனைச் சேர்ந்த சில கம்பெனியினரும் குஜராத் மாநிலப் போலீசாரும். பீரங்கிகளுக்கு எதிராகக் காலாட்படைத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு அவர்கள் பல மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். அந்தப் படை இன்றும் ஏப்ரல் 9ஐ வீர தினமாகக் கொண்டாடுகிறது; கொண்டாடத் தகுந்த வீரம்தான். ஆனால் அவர்களை அப்படிப்பட்ட நிலையில் நிறுத்திய ஏற்பாட்டின் ஓட்டைகள் அன்றே தெரிந்துவிட்டன. அந்த ஆண்டின் செப்டம்பர் போர் முடிந்ததும் அரசு முடிவெடுத்தது. 1965 டிசம்பர் 1 அன்று எல்லைப் பாதுகாப்புப் படை, அதாவது பி.எஸ்.எஃப்., பிறந்தது. அதன் முதல் தலைமை இயக்குநர் ருஸ்தம்ஜி.

அவர் கைக்கு வந்தது, பல மாநிலங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 25 பட்டாலியன்கள். ஒரு படையாக அது அன்று காகிதத்தில் மட்டுமே இருந்தது. சம்பள விகிதமும் சட்டமும் சீருடையும் மொழியும் வேறுவேறான ஆட்களை ஒன்றாக்க வேண்டும். அதைவிடக் கடினமான கேள்வி, இந்தப் படை ராணுவமா போலீசா என்பது. ராணுவத்தைப்போல் பட்டாலியன், கம்பெனி, பிளாட்டூன் என்று அமைப்பு. போலீசைப்போல் கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள் என்று பதவிகள். அமைதிக்காலத்தில் கடத்தலையும் கள்ளத்தனமான நுழைவையும் தடுப்பதும், எல்லையோர மக்களுக்குப் பாதுகாப்பு உணர்வைக் கொடுப்பதும் அதன் வேலை. போர் வந்தால் ராணுவத்தின் கட்டளைக்குள் போய்க் குறிப்பிட்ட பகுதிகளைப் பிடித்து நிற்பதும் அதன் வேலை. எல்லையில் ராணுவம் நின்றால் ஒவ்வொரு சிறு உரசலும் இரு நாடுகளின் போராகத் தோன்றும். வெறும் போலீஸ் நின்றால் சர்தார் முனையில் நடந்தது மீண்டும் நடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படையை நிறுத்துவதே திட்டம்.

1962 போருக்குப் பின் ராணுவம் அவசரகாலத்தில் எடுத்த இளம் அதிகாரிகள் பலர் அப்போது பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை பி.எஸ்.எஃப். சேர்த்துக்கொண்டது. போர்முனையைக் கண்ட இளைஞர்களும் வழக்குப் பதியத் தெரிந்த போலீஸ் அதிகாரிகளும் ஒரே உணவுக்கூடத்தில் அமர்ந்த அந்தக் கலவைதான் படையின் குணத்தை உருவாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. குவாலியர் அருகே டெக்கன்பூரில் பயிற்சிக் கழகம் எழுந்தது. 1968இல் படைக்கென்று தனிச்சட்டம் வந்தது. அச்சட்டத்தின் 139ஆவது பிரிவு, எல்லையை ஒட்டிய பகுதிகளில் கடவுச்சீட்டு, வெளிநாட்டினர், சுங்கம் தொடர்பான சட்டங்களின்படி சோதிக்கவும் கைதுசெய்யவும் பறிமுதல் செய்யவும் படைக்கு அதிகாரம் அளிக்க வழிசெய்தது. எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் உள்ளே வரை அந்த அதிகாரம் செல்லும் என்பது இன்றும் ஓயாத வழக்கு. 2021 அக்டோபரில் பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களில் அந்தத் தூரத்தை மத்திய அரசு 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டராக உயர்த்தியபோது பஞ்சாபும் மேற்கு வங்கமும் கடுமையாக எதிர்த்தன.

1971: எல்லைக்கு அப்பால்

1971 மார்ச் 25 இரவில், இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகர் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் சொந்த மக்கள்மீதே பாய்ந்தது. அடுத்த நாட்களில் எல்லையை நோக்கி ஓடிவந்தவர்களை முதலில் எதிர்கொண்டது பி.எஸ்.எஃப்.பின் காவல்முனைகள். இந்திய அரசு என்ன செய்யப்போகிறது என்று டெல்லியில் முடிவாகும் முன்பே, கேள்வி அந்தக் கான்ஸ்டபிள்களின் முன்னால் வந்து நின்றது.

மார்ச் 30 அளவில் குஷ்டியா பகுதி எல்லையை வந்தடைந்த இருவர், கிழக்குப் பாகிஸ்தானின் முதன்மைக் கட்சியான அவாமி லீகின் பொதுச்செயலாளர் தாஜுதீன் அகமதும் அவருடன் வந்த அமீருல் இஸ்லாமும். படையின் கிழக்குப் பகுதி ஐ.ஜி. கோலக் மஜும்தார் அவர்களை எல்லையில் சந்தித்து கல்கத்தாவுக்கு அழைத்துவந்தார். அன்றிரவே டெல்லியிலிருந்து விமானத்தில் வந்திறங்கினார் ருஸ்தம்ஜி. டாக்காவிலிருந்து நாள்கணக்கில் நடந்தும் ஒளிந்தும் வந்த அவர்களின் உடலில் அழுக்கேறிய ஒற்றை உடை, மாற்றிக்கொள்ள ஏதுமில்லை. ருஸ்தம்ஜி தன் பெட்டியைத் திறந்து தன்னுடைய குர்தா பைஜாமாக்களை எடுத்துக் கொடுத்தார். சில வாரங்களில் ஒரு நாட்டின் பிரதமராகப் பதவியேற்கவிருந்த மனிதர், முதல் இரவில் ஒரு போலீஸ் அதிகாரியின் உடையைப் போட்டுக்கொண்டு உறங்கப்போனார்.

ஏப்ரல் தொடக்கத்தில் தாஜுதீன் டெல்லிக்கு அழைத்துச்செல்லப்பட்டு இந்திரா காந்தியைச் சந்தித்தார். ஏப்ரல் 17 அன்று, மெஹர்பூரின் வைத்தியநாத்தலா மாந்தோப்பில், கல்கத்தாவிலிருந்து விடியுமுன் அழைத்துவரப்பட்ட பத்திரிகையாளர்களின் முன்னிலையில், வங்கதேசத்தின் முதல் அரசு பதவியேற்றது. அந்த இடத்துக்கு அன்று முஜிப்நகர் என்று பெயரிடப்பட்டது. ஏற்பாடுகளின் பின்னால் இருந்து வேலை செய்தவர்கள் பி.எஸ்.எஃப். ஆட்கள். வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்குத் தொடக்கத்தில் ஆயுதமும் பயிற்சியும் தந்ததும் அவர்களே. ஏப்ரல் இறுதியில் இந்தப் பொறுப்பு ராணுவத்துக்கு மாற்றப்பட்டது, பி.எஸ்.எஃப். அதன் கட்டளைக்குள் வந்தது. டிசம்பர் போரில் அப்படையும் களத்தில் நின்றது. பஞ்சாப் எல்லையின் ராஜா மோத்தம் முனையில் உயிர்நீத்த உதவிக் கமாண்டன்ட் ராம் கிருஷ்ண வாத்வாவுக்குப் போர்க்கள வீரத்துக்கான மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

இந்த அத்தியாயத்தை வெறும் பெருமிதத்தோடு கடந்துவிட என்னால் முடியவில்லை. கடத்தலைத் தடுக்கவும் எல்லையைக் காக்கவும் சட்டம் போட்டு அமைத்த ஒரு படை, போர் அறிவிக்கப்படாத நிலையில் எல்லைக்கு அப்பால் ஒரு போராட்டத்துக்குக் கைகொடுத்தது. ஒரு கோடி அளவிலான அகதிகள் வந்துசேர்ந்த அந்தக் கொடுமையின் முன்னால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், என் மனமும் அந்தக் காவல்முனைகளின் பக்கமே நிற்கிறது. ஆயினும், மாதம் ஒன்று கடந்ததும் அந்த வேலை ராணுவத்திடம் போனது சரியான முடிவு. அவசரத்துக்குத் தோள்கொடுப்பது ஒன்று, அந்தச் சுமையைத் தன் நிரந்தர வேலையாக்கிக்கொள்வது வேறு. நான்கு ஆண்டுகள் கழித்துக் கடலோரக் காவல்படையைப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கொடுங்கள் என்று அவர் எழுதியதை இந்த அனுபவத்தோடு சேர்த்தே நான் வாசிக்கிறேன்.

அவருக்குப் பின் இந்த வரம்பு பலமுறை மீறப்பட்டது. 1990களில் காஷ்மீரின் உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் பட்டாலியன் பட்டாலியனாக பி.எஸ்.எஃப். அனுப்பப்பட்டு, எல்லையில் ஆள் குறைந்தது. கார்கில் போருக்குப் பின் 2001இல் அமைச்சர்கள் குழு அளித்த அறிக்கை, ஓர் எல்லைக்கு ஒரே படை என்ற விதியை வலியுறுத்தி, எல்லைப்படைகளை உள்நாட்டு வேலைகளிலிருந்து விடுவிக்கச் சொன்னது. பாகிஸ்தானுடன் 3,323 கிலோமீட்டர், வங்கதேசத்துடன் 4,096 கிலோமீட்டர் நீளும் எல்லைகளைப் பார்ப்பவருக்கு அந்தப் பரிந்துரையின் அவசியம் விளங்கும்.

சிறைகளுக்குள்

1977 நவம்பரில் ஜனதா அரசு, தர்ம வீராவின் தலைமையில் தேசியப் போலீஸ் ஆணையத்தை அமைத்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் போலீஸ் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்ற காயம் ஆறாத நேரம். சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி என். கிருஷ்ணசாமி ரெட்டி உறுப்பினராகவும், சி.வி. நரசிம்மன் உறுப்பினர் செயலாளராகவும் இருந்த அந்த ஆணையத்தில் ருஸ்தம்ஜியும் ஓர் உறுப்பினர்.

ஆணையத்தின் வேலையாகப் பீகாருக்குச் சென்றவர் அங்குள்ள சிறைகளுக்குள்ளும் போய்ப் பார்த்தார். விசாரணையே தொடங்காமல் ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு, ஒன்பது ஆண்டு என்று அடைந்து கிடந்தவர்களை அவர் அங்கே கண்டார். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தாலும் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் தண்டனை கிடைத்திருக்கும். அதைப்போல் பல மடங்கு காலத்தைத் தீர்ப்பில்லாமலே கழித்துவிட்டார்கள். குற்றமே சாட்டப்படாமல், சாட்சி என்றும் பாதிக்கப்பட்டவர் என்றும் சொல்லிப் 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் அடைக்கப்பட்ட பெண்களும் அங்கே இருந்தார்கள். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாததும் வழக்கறிஞர் இல்லாததுமே அவர்களின் நிலைக்குக் காரணம்.

நாற்பது ஆண்டுகளாக ஆட்களைப் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய துறையில் இருந்தவர் அவர். கண்டதை ஆணையத்தின் அறிக்கைக்குள் ஒரு பத்தியாக அடக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதைப் பத்திரிகையில் எழுதினார். 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் அது வெளிவந்தது. அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி, கைதிகள் யாரையும் நேரில் அறியாதவராக இருந்தும், அவர்களுக்காக உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். ஹுசைனாரா காத்தூன் என்ற பெண்ணின் பெயரில் அமைந்த அந்த வழக்கு இந்தியாவின் முதல் பொதுநல வழக்கு என்று பரவலாகக் கருதப்படுகிறது. விரைவான விசாரணை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார். ஏழைக்கு அரசின் செலவில் வழக்கறிஞர் வேண்டும் என்பதையும் அதே வழக்கு நிலைநாட்டியது. அதன் விளைவாக நாடெங்கும் ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்தார்கள்.

சம்பலில் வினோபாவைக் குறைசொன்ன அதே மனிதர்தான் இதைச் செய்தார். இருபது ஆண்டுகளில் அவருடைய பார்வை விரிந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ராணுவம் எங்கே நிற்க வேண்டும், எல்லைப்படை எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டவர், ஒரு மனிதனைப் பிடித்துவைக்கும் அரசின் அதிகாரம் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு வந்துசேர்ந்திருந்தார்.

போலீஸ் ஆணையம் 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகளைக் கொடுத்தது. போலீஸ் தலைவருக்கு நிலையான பதவிக்காலம், அரசியல் தலையீட்டைத் தடுக்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம் என்று அவை சொன்னவற்றை அடுத்தடுத்த அரசுகள் அலமாரியில் வைத்துப் பூட்டின. 1991இல் ருஸ்தம்ஜிக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2003 மார்ச் 2 அன்று மும்பையில் அவர் காலமானார். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, பி.எஸ்.எஃப்.பின் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற இன்னொருவர், பிரகாஷ் சிங், அந்த ஆணையத்தின் பரிந்துரைகளை நிறைவேற்றக் கோரி உச்சநீதிமன்றத்துக்குப் போயிருந்தார். 2006 செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் அவற்றில் முக்கியமானவற்றைக் கட்டளையாக்கியது. மாநிலப் போலீஸ் தலைவருக்கு குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் என்பது அவற்றில் ஒன்று. மாநில அரசுகள் அந்தக் கட்டளைகளைத் தட்டிக்கழிப்பது பற்றிய மனுக்கள் அதன்பின்பும் நீதிமன்றத்துக்கு வந்தபடியே இருக்கின்றன. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.